வரி செதுக்கிய வண்டிகள்

சென்னையை அடுத்த மறைமலை நகரில் 2013 முதல் தயாரான ஃபோர்டு எக்கோஸ்போர்ட்டின் நீளம் 3,999 மில்லிமீட்டர். மாருதி டிசையர் 2008-இல் முதலில் வந்தபோது 4,160 மில்லிமீட்டர் நீளம் இருந்தது. 2012-இல் அதன் அடுத்த வடிவம் வந்தபோது பின்புறம் குறுகி 3,995-க்கு வந்துவிட்டது. டிக்கியை யாரோ பாதியில் அறுத்துவிட்டதுபோல் இருக்கிறதே என்று அப்போது பேசாதவர்கள் குறைவு. அறுத்தது பட்ஜெட். 2006-07 நிதிநிலை அறிக்கையில் அன்றைய நிதியமைச்சர் ப. சிதம்பரம் சிறிய கார்களுக்கான கலால் வரியை 24 சதவீதத்திலிருந்து 16 சதவீதமாகக் குறைத்தார். எது சிறிய கார் என்பதற்கு ஒரு வரையறை வேண்டுமல்லவா? நீளம் 4 மீட்டருக்கு மேல் போகக்கூடாது. பெட்ரோல் என்றால் எஞ்சின் 1,200 சிசிக்குள், டீசல் என்றால் 1,500 சிசிக்குள் இருக்க வேண்டும். அன்று முதல் இந்தியக் கார் வடிவமைப்பாளர்களின் மேசையில் அந்த நான்கு மீட்டர் ஒரு மதில்சுவராக நிற்கிறது.

குட்டையான கார் என்றாலே ஆபத்தான கார் என்று நான் சொல்லவில்லை. டாடா நெக்ஸானும் நான்கு மீட்டருக்குள் அடங்குவதுதான். 2018-இல் குளோபல் என்கேப் நடத்திய மோதல் சோதனையில் ஐந்து நட்சத்திரம் வாங்கிய முதல் இந்தியக் கார் அது. கவனிக்க வேண்டியது வேறு. ஒரு சட்ட வாசகம் இரும்புத் தகட்டை எங்கே மடக்க வேண்டும் என்று சொல்கிறது. ஆயிரக்கணக்கான கோடி முதலீடு அதற்குப் பணிந்து நடக்கிறது. அவ்வளவு வலுவுள்ள ஒரு கருவி கையில் இருந்தபோது அதைக்கொண்டு எதைக் கேட்டோம்? நீளத்தைக் கேட்டோம், சிசியைக் கேட்டோம். ஏர்பேக் உண்டா என்று கேட்கவில்லை. 2014 ஜனவரியில் இந்தியாவில் விற்பனையிலிருந்த ஐந்து பிரபலமான சிறு கார்களை, ஏர்பேக் இல்லாத அடிப்படை வகையில், குளோபல் என்கேப் மோதவிட்டுப் பார்த்தது. ஐந்துக்கும் பூஜ்ய நட்சத்திரம். ஐந்துமே நான்கு மீட்டருக்கு உட்பட்ட வண்டிகள். ஓட்டுநருக்கு ஏர்பேக் கட்டாயமானது 2019 ஜூலையில். வரிச் சலுகை அறிவித்த நாளிலிருந்து எண்ணினால் பதின்மூன்று ஆண்டுகள்.

சாலை விபத்து என்றதும் குடிபோதை, அதிவேகம், குழி விழுந்த ரோடு, செல்போன் என்றுதான் நம் பேச்சு போகும். எல்லாம் உண்மைதான். ஆனால் மோதல் நிகழும் அந்தக் கணத்துக்கு வெகுகாலம் முன்பே சில விஷயங்கள் முடிவாகிவிடுகின்றன. மோதுவது எத்தனை கிலோ எடையுள்ள வண்டி, அதன் முகப்பு எவ்வளவு உயரம், அதில் என்ன பிரேக், மோதப்படுபவர் பஸ்ஸில் இருந்தாரா, பைக்கில் இருந்தாரா, நடந்து போனாரா. இவை ஒவ்வொன்றிலும் வரிக்குக் கை உண்டு. இது எப்படி நடக்கிறது என்பதைத் தெளிவாகப் பார்க்க வேண்டுமானால் அமெரிக்காவுக்குப் போக வேண்டும். அங்கே அறுபது ஆண்டுகளாக, ஒன்றன்மேல் ஒன்றாக, வேறு வேறு காரணங்களுக்காகப் போட்ட வரிகள் எல்லாம் சேர்ந்து வண்டிகளைப் பருக்கவைத்தன.

கதை கோழியில் தொடங்குகிறது. 1960-களின் தொடக்கத்தில் அமெரிக்கப் பண்ணைகளின் மலிவான கோழி இறைச்சி மேற்கு ஜெர்மனியில் குவிந்தது. உள்ளூர் பண்ணைக்காரர்களைக் காக்க ஐரோப்பியப் பொதுச் சந்தை நாடுகள் அதன்மீது சுங்கத்தை உயர்த்தின. பதிலடியாக 1963 டிசம்பரில் அதிபர் லிண்டன் ஜான்சன் உருளைக்கிழங்கு மாவு, டெக்ஸ்டிரின், பிராந்தி, சிறு சரக்கு வண்டி ஆகிய நான்கின்மீதும் 25 சதவீத இறக்குமதி வரி விதித்தார். சரக்கு வண்டியைச் சேர்த்ததற்குக் காரணம் ஜெர்மனியின் ஃபோக்ஸ்வாகன் வேன்கள். மாவு, பிராந்தி மீதான வரியெல்லாம் பிற்பாடு போய்விட்டன. வண்டி மீதான வரி மட்டும் போகவில்லை. 'கோழி வரி' என்ற பெயரிலேயே அது இன்றும் வழங்குகிறது.

அந்த வரியிலிருந்து தப்பிக்க நடந்த ஒரு காரியத்தை இங்கே சொல்லியாக வேண்டும். ஜப்பானின் சுபாரு நிறுவனம் 1978-இல் 'பிராட்' என்ற சிறிய பிக்கப்பை அமெரிக்காவில் இறக்கியது. பிக்கப் என்றால் சரக்கு வண்டி, 25 சதவீதம். பயணிகள் கார் என்றால் வரி மிகக் குறைவு. ஆகவே பின்னால் இருந்த திறந்த தொட்டியில், பின்பக்கம் பார்த்தபடி, இரண்டு பிளாஸ்டிக் இருக்கைகளைப் பொருத்திவிட்டார்கள். பிடித்துக்கொள்ளக் கைப்பிடிகளும் வைத்தார்கள். சுங்க அதிகாரியின் கணக்கில் அது பயணிகள் கார் ஆகிவிட்டது. கூரையில்லாத தொட்டியில் ஆட்களை உட்காரவைத்து நெடுஞ்சாலையில் ஓட்டும் வண்டி, வரி மிச்சத்துக்காகப் பிறந்தது. யாரும் உயிரோடு விளையாட வேண்டும் என்று திட்டமிடவில்லை. வரி அட்டவணை ஒரு கேள்வி கேட்டது, தொழிற்சாலை அதற்குப் பதில் சொன்னது. அவ்வளவுதான்.

கோழி வரியின் பெரிய விளைவு இதைவிட மெதுவாக வந்தது. வெளிநாட்டுப் போட்டி இல்லாததால் பிக்கப் போன்ற வண்டிகளில்தான் டெட்ராய்ட் கார் நிறுவனங்களுக்குக் கொழுத்த லாபம். லாபம் எங்கே இருக்கிறதோ அங்கேதான் விளம்பரப் பணமும் போகும். அடுத்து 1978-இல், எண்ணெய் நெருக்கடியின் பின்னணியில், எரிபொருளை அதிகம் குடிக்கும் வண்டிகளுக்கு ஒரு தனி வரி போடச் சட்டம் வந்தது. இன்றைய நிலையில் ஒரு கேலனுக்கு 22.5 மைல், அதாவது லிட்டருக்குச் சுமார் 9.6 கிலோமீட்டர் கூடத் தராத புதுக் காருக்கு 1,000 முதல் 7,700 டாலர் வரை இந்த வரி உண்டு. ஆனால் கார்களுக்கு மட்டும். சிறு லாரி வகைக்கு விலக்கு. 1978-இல் அது நியாயமாகத்தான் தோன்றியிருக்கும். பிக்கப் வைத்திருந்தவர்களில் விவசாயிகளும் கொத்தனார்களும் பிளம்பர்களும் நிறைய. அவர்கள் வயிற்றில் ஏன் அடிக்க வேண்டும்? பிற்பாடு லாரியின் அடிச்சட்டத்தின்மேல் ஐந்து இருக்கைகளையும் மெத்தையையும் பொருத்தி, பிள்ளைகளைப் பள்ளிக்குக் கொண்டுவிடும் குடும்ப வண்டியாக எஸ்யூவி வந்தது. சட்டத்தின் கண்ணுக்கு அதுவும் லாரிதான். அதற்கும் விலக்கு.

மூன்றாவது வரி விதிதான் என்னை அதிகம் வருத்துகிறது. தொழில் செய்பவர்கள் தொழிலுக்காக வாங்கும் சாதனத்தின் விலையை வருமானத்தில் கழித்துக்கொள்ளலாம் என்பது எந்த நாட்டிலும் உள்ள வழக்கம். அமெரிக்காவில் 1984 முதல், கார் என்றால் இந்தக் கழிவுக்கு ஆண்டுக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. ஆடம்பரக் காரை அரசு செலவில் வாங்கிவிடக்கூடாது என்ற நல்ல எண்ணம். ஆனால் முழுச்சுமையோடு சேர்த்து 6,000 பவுண்டுக்கு, ஏறக்குறைய 2,720 கிலோவுக்கு, மேற்பட்ட வண்டிக்கு அந்த உச்சவரம்பு கிடையாது. வீட்டுமனைத் தரகர், பல் மருத்துவர், வக்கீல் யாராக இருந்தாலும் இலகுவான கார் வாங்கினால் கழிவு சிறிது. கனமான எஸ்யூவி வாங்கினால் கழிவு பெரிது. 2003-இல் அந்த முதலாண்டுக் கழிவை 25,000 டாலரிலிருந்து ஒரே தாவலில் 1,00,000 டாலராக உயர்த்தினார்கள். ஹம்மர் எச்2 போன்ற ராட்சத வண்டிகள் அப்போதுதான் சந்தைக்கு வந்திருந்தன. எதிர்ப்பு எழுந்ததால் 2004-இல் எஸ்யூவிக்கு மட்டும் மறுபடி 25,000 ஆக்கினார்கள். 2017-இன் வரிச் சட்டம் வேறொரு வாசல் வழியாக முழு விலையையும் முதலாண்டிலேயே கழித்துக்கொள்ள வழி திறந்துவிட்டது. எடை கூடினால் வரி குறையும் என்ற தலைகீழ் கணக்கு அப்படியே நிற்கிறது.

இன்று அமெரிக்காவில் விற்கும் புது வண்டிகளில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு எஸ்யூவி, பிக்கப், வேன் வகை. 2009-இல் அந்த நாட்டுச் சாலைகளில் வாகனம் மோதி இறந்த பாதசாரிகள் 4,109 பேர். 2022-இல் அந்த எண்ணிக்கை 7,500-ஐத் தாண்டியது. உயர்வு எண்பது சதவீதத்துக்கு மேல்.

கனமும் உயரமும் உடம்பை என்ன செய்கின்றன என்று பார்க்கலாம். தாழ்வான கார் ஒரு பெரியவர்மேல் மோதினால் பம்பர் முழங்கால் பக்கம் தாக்கும். கால் உடையும். உடம்பு சரிந்து பானட்டின்மேல் விழும். பானட் ஓரளவு நெளிந்து கொடுக்கும். படுகாயம்தான், ஆனாலும் பிழைக்க வழியுண்டு. உயரமான தட்டை முகப்புள்ள வண்டி மோதினால் அடி இடுப்பிலும் நெஞ்சிலும் விழுகிறது. சிறுபிள்ளை என்றால் தலையில். உடம்பு மேலே சரிவதில்லை, முன்னால் தள்ளப்பட்டுத் தரையில் விழுகிறது, பிறகு சக்கரம் வருகிறது. ஹவாய் பல்கலைக்கழகப் பொருளியலாளர் ஜஸ்டின் டிண்டல் 2024-இல் வெளியிட்ட ஆய்வில், வண்டியின் முகப்பு 10 சென்டிமீட்டர் உயர்ந்தால் மோதப்பட்ட பாதசாரி இறக்கும் வாய்ப்பு 22 சதவீதம் கூடுகிறது என்று கணக்கிட்டார். 10 சென்டிமீட்டர் என்பது நம் உள்ளங்கையின் அகலம்.

மற்றொரு காரில் இருப்பவருக்கும் இதே கதிதான். இரண்டு வண்டிகள் நேருக்கு நேர் மோதும்போது கனமானது முன்னோக்கிப் போகும், இலகுவானது பின்னோக்கித் தள்ளப்படும். திடீர் வேகமாற்றத்தின் பெரும்பங்கு இலகுவான வண்டிக்குள் இருப்பவர் உடம்பில் இறங்கும். கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மைக்கேல் ஆண்டர்சனும் மாக்சிமிலியன் ஆஃப்ஹாமரும் அமெரிக்க விபத்துப் பதிவுகளை அலசினார்கள். தன்மேல் மோதும் வண்டி 1,000 பவுண்டு, அதாவது சுமார் 450 கிலோ, கூடுதல் எடையுள்ளதாக இருந்தால் இறப்பு வாய்ப்பு 47 சதவீதம் ஏறுகிறது என்பது அவர்கள் கண்டது. இதற்கும் முன்பே, 2004-இல், பொருளியலாளர் மிஷெல் வைட் ஒரு கணக்குச் சொன்னார். பெரிய வண்டிக்கு மாறியவர்கள் தங்களுக்குத் தவிர்த்துக்கொள்ளும் உயிர்ப்பலி விபத்து ஒவ்வொன்றுக்கும், மற்றவர்கள் தரப்பில் கூடுதலாக 4.3 உயிர்ப்பலி விபத்துகள். தன் பிள்ளைகளின் பாதுகாப்புக்காகப் பெரிய வண்டி வாங்கும் தாயை யாரும் குறைசொல்ல முடியாது. அடுத்த வீட்டுக்காரர் பெரியது வாங்கினால் நாமும் வாங்கத்தான் தோன்றும். அந்தப் போட்டியை நிறுத்தத் தனி மனிதரால் ஆகாது, சட்டத்தால்தான் ஆகும். ஆனால் சட்டம் போட்டிக்குப் பணம் கொடுத்துக்கொண்டிருந்தது.

அத்தனை சாவுகளையும் வரியின் தலையில் கட்டுவது சரியாகாது. அதே ஆண்டுகளில் கைபேசித் திரையும் வந்தது. நடைபாதையோ விளக்கோ இல்லாத ஆறுவழிச் சாலைகள் ஊருக்குள் ஓடுகின்றன. சாவுகளில் பெரும்பகுதி இருட்டிய பிறகு நடக்கிறது. பெரிய வண்டியின் மீதான ஆசையையும் வரி மட்டுமே உண்டாக்கவில்லை. பெட்ரோல்மீதான மத்திய வரி 1993-இலிருந்து கேலனுக்கு 18.4 சென்ட்டிலேயே கிடக்கிறது என்பதும் ஒரு காரணம் (பார்த்தால் அதுவும் வரிதான்). காரணங்கள் பல. ஆனால் அவற்றுள் ஒரு கையெழுத்தில் மாற்றக்கூடியது வரி ஒன்றுதான்.

மாற்றியவர்கள் இருக்கிறார்கள். வாஷிங்டன் நகர நிர்வாகம் 6,000 பவுண்டுக்கு மேற்பட்ட சொந்த வண்டிக்கு ஆண்டுப் பதிவுக் கட்டணத்தை 500 டாலராக்கியது. அதே நகரத்தில்தான் மத்திய அரசின் வருமான வரித் துறை தலைமையகம் இருக்கிறது. கனமான வண்டிக்கு அங்கே கழிவு, நகராட்சியில் தண்டம். பிரான்ஸ் 2022 முதல் 1,800 கிலோவுக்கு மேல் ஒவ்வொரு கிலோவுக்கும் 10 யூரோ என்று புது வண்டிக்கு எடை வரி போட்டது. 2024-இல் வரம்பை 1,600 கிலோவுக்கு இறக்கியது. மின்சார வண்டிகளுக்கு நீண்டகாலம் வாங்கும் வரியை விலக்கிவைத்திருந்த நார்வே, 2023 முதல் அவற்றுக்கும் எடைக்கேற்ற வரியைக் கொண்டுவந்தது. இது பெரிய விஷயம். மின்சார வண்டி புகை விடாது என்பதால் பல நாடுகளில் சலுகை. ஆனால் பேட்டரியின் கனத்தால் சில மின்சார வண்டிகள் பயங்கரமாகப் பருத்துவிட்டன. ஹம்மரின் மின்சார வடிவம் நான்கு டன்னுக்கு மேல். புகைக்குழாய் இல்லை என்பதால் மோதப்படுபவரின் எலும்பு தப்பிவிடாது.

எடைக்கு வரி போடுவது ஒரு வழி. பாதுகாப்புக்கு வரி விடுவது இன்னொரு வழி. இதற்கு டென்மார்க் நல்ல பாடம். அங்கே புதுக் காருக்கான பதிவு வரி உலகத்திலேயே கடுமையானவற்றுள் ஒன்று. பல ஆண்டுகள் விலையின் ஒரு பகுதிக்கு 105 சதவீதமும் அதற்கு மேற்பட்ட தொகைக்கு 180 சதவீதமும் இருந்தது. விலைமேல் வரி போட்டால் என்ன ஆகும் என்று ஒரு ஏர்பேக்கை வைத்துப் பாருங்கள். அதன் விலை 100 குரோனர் என்று வைத்துக்கொள்வோம். 25 சதவீத மதிப்புக்கூட்டு வரி சேர்ந்து 125. அதன்மேல் 180 சதவீதம் என்றால் இன்னும் 225. ஆக 100 குரோனர் ஏர்பேக்குக்கு வாங்குபவர் கொடுப்பது 350. யார் கூடுதலாக ஒரு ஏர்பேக் கேட்பார்கள்? உயிர்காக்கும் பாகத்தையும் தோல் இருக்கையையும் அந்த வரி ஒரே தட்டில் வைத்து நிறுத்துகிறது. இதை உணர்ந்த டேனிஷ் அரசு, கூடுதல் ஏர்பேக், பிரேக் அடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ், வண்டி சறுக்காமல் காக்கும் இஎஸ்சி, சீட்பெல்ட் போடாவிட்டால் கத்தும் மணி, ஐரோப்பிய மோதல் சோதனையில் ஐந்து நட்சத்திரம் என்று இவற்றுக்கெல்லாம் வரியில் கழிவு கொடுத்தது. இஸ்ரேலிலும் காரில் உள்ள பாதுகாப்புக் கருவிகளுக்கு ஏற்ப வாங்கும் வரியில் தள்ளுபடி உண்டு. வரி வசூலும் நடக்கிறது, ஏர்பேக்கும் மலிவாகிறது.

கடும் வரிக்கு மறுபக்கமும் உண்டு. புது வண்டி எட்டாத விலைக்குப் போனால் மக்கள் பழசையே ஓட்டுவார்கள், பழைய வண்டியில் புதிய பாதுகாப்பு இருக்காது. இலங்கையில் இதைக் கண்கூடாகப் பார்க்கலாம். இறக்குமதி வரி வண்டியின் விலையையே விழுங்கும் அளவுக்கு. அதுவும் எஞ்சின் அளவை ஒட்டியே பெரும்பாலும் கணக்கு. அதனால்தான் ஜப்பானின் 660 சிசி குட்டிக் கார்கள் யாழ்ப்பாணம் முதல் காலி வரை ஓடுகின்றன. 2020-இல் அந்நியச் செலாவணி நெருக்கடியில் இறக்குமதியே நிறுத்தப்பட்டு, சொந்தக் கார்களுக்கு 2025-இல்தான் மறுபடி கதவு திறந்தது. ஐந்து ஆண்டுகள் ஒரு நாட்டின் வண்டிகள் எல்லாம் ஒன்றாக மூப்படைந்தன. கார் கைக்கெட்டாதவர் வீட்டிலேயே இருந்துவிடுவதில்லை. மோட்டார் சைக்கிளில் போகிறார், ஆட்டோவில் போகிறார்.

அந்த இடத்தில்தான் நம் கதை இருக்கிறது. 2022-இல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் இருசக்கர வண்டியில் சென்றவர்கள் 74,897; நடந்து சென்றவர்கள் 32,825. தமிழ்நாட்டில் மட்டும் அந்த ஆண்டு 17,884 உயிர்கள். அமெரிக்காவில் கேள்வி வண்டியின் எடை. இங்கே கேள்வி, உடம்பைச் சுற்றி ஒரு தகடுகூட இல்லாமல் இத்தனை கோடிப் பேர் ஏன் சாலைக்கு வருகிறார்கள் என்பது. பஸ் வந்தால் பஸ்ஸில் போவார்கள். 2017-இல் ஜிஎஸ்டி வந்தபோது பைக்குக்கு 28 சதவீதம். பஸ்ஸுக்கும் 28, தொடக்கத்தில் அதற்கு மேல் செஸ் வேறு. 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையிலான பைக்குக்கு 18, பஸ்ஸுக்கும் 18. ஐம்பது பேரைச் சுமந்து செல்லும், சாலையில் உள்ளவற்றிலேயே பயணிகளுக்கு மிகப் பாதுகாப்பான வண்டியும், தலையில் காற்றைத் தவிர வேறு கவசம் தராத வண்டியும் ஒரே விகிதத்தில் நிற்பது எனக்குச் சரியாகப் படவில்லை. பைக்குக்கு வரியை ஏற்றச் சொல்லவில்லை. கூலிக்குப் போகிறவருக்கு அதுதான் பிழைப்பு. பஸ்ஸுக்கு வரியை ஏன் இன்னும் இறக்கக்கூடாது என்று கேட்கிறேன். மின்சார வண்டிக்கு 5 சதவீதம் என்று கொடுக்க முடிந்த நாடு இது.

பைக்கில்தான் போயாக வேண்டும் என்றால் ஹெல்மெட். தலைக்கவசம் இறப்பு வாய்ப்பை 42 சதவீதமும் தலைக்காய வாய்ப்பை 69 சதவீதமும் குறைக்கிறது என்று பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் 2008-இலேயே சொல்லிவிட்டார்கள். 2022-இல் ஹெல்மெட் இல்லாமல் இறந்த இந்தியர்கள் 50,029 பேர். அதில் 14,337 பேர் பின்னால் உட்கார்ந்திருந்தவர்கள். சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவையடுத்து 2015 ஜூலை முதல் தமிழ்நாட்டில் ஹெல்மெட் கட்டாயம். போடாவிட்டால் அபராதம். போடுவதற்காகக் கடையில் வாங்கினால் 18 சதவீத ஜிஎஸ்டி.

ஆயிரம் ரூபாய் ஹெல்மெட்டுக்கு வரி 180 ரூபாய்; அந்த 180 ரூபாய்க்காகவா ஒருவர் ஹெல்மெட் வாங்காமல் இருந்துவிடுவார் என்று தோன்றலாம். சாலையோரத்தில் தார்ப்பாய் விரித்து வரிசையாக அடுக்கியிருக்கும் கடையில் நின்று பாருங்கள். இருநூறு, முந்நூறு ரூபாய்க்கு ஒரு பிளாஸ்டிக் ஓடு. பில் கிடையாது, ஆகவே வரியும் கிடையாது. ஐஎஸ்ஐ முத்திரை இல்லாத ஹெல்மெட்டை விற்கக்கூடாது என்று 2021 ஜூன் முதல் சட்டம் இருந்தாலும் விற்பனை நடக்கிறது. முறையாகச் சோதித்து, முத்திரை வாங்கி, பில் போட்டு விற்பவரின் ஆயிரம் ரூபாய் ஹெல்மெட்தான் 1,180 ஆகிறது. உண்மையான கவசத்துக்கும் போலி ஓட்டுக்கும் இடையில் ஏற்கெனவே இருக்கும் விலை வித்தியாசத்தை வரி இன்னும் அகலமாக்குகிறது. போலீஸ்காரருக்காகப் போடுபவர் எதை வாங்குவார்? சானிட்டரி நாப்கினுக்கு வரி வேண்டாம் என்று பெண்கள் கேட்டபோது 2018 ஜூலையில் அது பூஜ்யமானது. அடியோடு விலக்கினால் உற்பத்தியாளர் மூலப்பொருளுக்குக் கட்டிய வரியைத் திரும்பப் பெற முடியாது, அது விலையில் ஒளிந்துகொள்ளும் என்பது உண்மைதான். அதனால் பூஜ்யத்தைவிட 5 சதவீதம் நல்லதாகக்கூட இருக்கலாம். 18 எந்தக் கணக்கிலும் நல்லதாகாது.

மாநிலத்தின் பங்கும் உண்டு. ஷோரூமில் 'ஆன்ரோடு' விலைச் சீட்டு தருவார்களே, அதில் லைஃப் டாக்ஸ் என்று ஒரு வரி இருக்கும்: ஆயுள்கால வரி. 2023 நவம்பரில் திருத்தியபடி தமிழ்நாட்டில் ஒரு லட்சம் ரூபாய் வரையிலான இருசக்கர வண்டிக்கு விலையில் 10 சதவீதம், ஒரு லட்சத்தைத் தாண்டினால் 12 சதவீதம். கார்களுக்கும் இப்படித்தான், விலை ஏற ஏற விகிதம் 12-லிருந்து 20 வரை ஏறுகிறது. வசதியுள்ளவர் கூடுதலாகத் தரட்டும் என்ற எண்ணம் நியாயமானதுதான். ஆனால் விலை ஏறுவது வசதியால் மட்டுமல்ல, நல்ல பிரேக்காலும் ஏறும்.

ஒரே பைக்கின் இரண்டு வகைகளைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். ஒன்று ஏபிஎஸ் இல்லாதது, விலை 98,000 ரூபாய். மற்றது ஏபிஎஸ் உள்ளது, 6,000 ரூபாய் கூடுதல், 1,04,000. ஈரச் சாலையில் திடீரென்று பிரேக் அடித்தால் சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி வழுக்காமல் காப்பதுதான் ஏபிஎஸ். அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக்கான காப்பீட்டு ஆய்வு நிறுவனம் ஒரே மாடல்களை ஒப்பிட்டுப் பார்த்தபோது, ஏபிஎஸ் உள்ள பைக்குகளில் உயிர்ப்பலி விபத்துகளின் விகிதம் 22 சதவீதம் குறைவாக இருந்தது. இந்தியாவில் 2018 ஏப்ரலில் தொடங்கி 125 சிசிக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு அது கட்டாயமாக்கப்பட்டது. குறைந்த சிசி வண்டிகளுக்கு அந்த விதியில் இடம் கிடைக்கவில்லை. சரி, கணக்குக்கு வருவோம். முதல் வண்டிக்கு ஆயுள்கால வரி 10 சதவீதம்: 9,800 ரூபாய். இரண்டாவது வண்டி லட்சத்தைத் தாண்டிவிட்டதால் முழு விலைக்கும் 12 சதவீதம்: 12,480 ரூபாய். வித்தியாசம் 2,680. உயிர்காக்கும் 6,000 ரூபாய்ப் பொருளுக்கு மாநில வரி மட்டும் ஏறக்குறைய 45 சதவீதம்.

இந்த விகித அட்டவணையை எழுதியவர்கள் பிரேக்குக்கு எதிரிகள் அல்ல. விலை என்ற ஒரே அளவுகோலை நீட்டிப் பிடித்தார்கள், அது கண்ணில் பட்ட எல்லாவற்றையும் அளந்துவிட்டது. எந்தக் கார் எத்தனை நட்சத்திரம் என்று சொல்ல 2023 அக்டோபர் முதல் பாரத் என்கேப் இருக்கிறது. எந்தப் பைக்கில் ஏபிஎஸ் உண்டு என்பது தயாரிப்பாளரின் சான்றிதழிலேயே இருக்கிறது. வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் புதிதாக ஒரு கருவியும் வாங்க வேண்டியதில்லை. விகித அட்டவணையை அடுத்த முறை திருத்தும்போது, ஏபிஎஸ்ஸின் விலையைக் கழித்துவிட்டு மீதிக்கு வரி கணக்கிடுக என்று ஒரு வாக்கியம் சேர்த்தால் போதும். 1,04,000 ரூபாய் வண்டிக்கும் ஆயுள்கால வரி 9,800 ரூபாயாகவே நிற்கும்.